சுருளிப்பட்டிச் சாலையில் ஒன்பது கூடைகள்

வெள்ளிக்கிழமை காலை ஐந்து ஐம்பத்திரண்டு. பூங்கா வாசலைத் தாண்டியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு மஞ்சள் துணிப்பை. நெஞ்சுயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய். அதன் உச்சியில் ஒரு வளையம். வளையத்திலிருந்து மாட்டுச் சங்கிலிகள் கொத்தாகத் தொங்கின. சங்கிலிகளுக்குக் கீழே ஒரு கம்பிக் கூடை. பை அந்த வளையத்தில் மாட்டியிருந்தது. கூடைக்குள் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

இந்தக் கூடையைப் பார்க்கத்தான் வந்திருந்தேன்.

டிஸ்க் கோல்ஃப் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கோட்டில் நின்று, தூரத்திலிருக்கும் கூடையை நோக்கிப் பிளாஸ்டிக் தட்டு ஒன்றை எறியவேண்டும். விழுந்த இடத்துக்கு நடந்துபோய் அங்கிருந்து மறுபடி எறியவேண்டும். சங்கிலியில் மோதித் தட்டு கூடைக்குள் விழும்வரை எத்தனை எறி என்று எண்ணிக்கொள்ளவேண்டும். எல்லாக் கூடைகளையும் குறைந்த எறிகளில் முடித்தவர் வென்றவர். வெளிநாட்டில் என் மகள் இருக்கும் ஊரில் இரண்டு முறை ஆடி, மூன்று தட்டுகளை ஏரிக்குக் கொடுத்திருக்கிறேன். தேனிப் பக்கம் கம்பம் ஊரில் இருக்கும் கல்லூரித் தோழி தொலைபேசியில், "இங்கே ஒரு நர்ஸ் பூங்காவில் ஒன்பது கூடை நட்டிருக்கிறாள்" என்றபோது, மிச்சமிருந்த ஒரே தட்டைப் புடவைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவளுக்கு இப்படி ஒரு வாக்கியம் போதும்.

பூங்கா, காமயகவுண்டன்பட்டியைத் தாண்டிச் சுருளிப்பட்டி போகும் சாலையில் இருக்கிறது. சுற்றிலும் சிமெண்டுக் கல் பதித்த நடைபாதை. நடுவில் புல், வேம்பு, புங்கை, படிகள் உடைந்த ஒரு சறுக்குமரம். கிழக்கு வேலிக்கு வெளியே வாய்க்கால். அதற்கு அப்பால் திராட்சைப் பந்தல்கள். நடைபாதையில் பதினான்கு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் வலமாக. ஒருவர்கூட எதிர்த்திசையில் இல்லை.

"பையை எடுக்கணுமா?" என்றபடி அவர்களில் ஒருவர் என்னிடம் வந்தார். வெள்ளை நரை, கேன்வாஸ் ஷூ, சட்டைப்பையில் ஒரு பேனா, பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு விசில்.

"இருக்கட்டும். விளையாடத்தான் வந்தேன்."

"ஆறரைக்குத்தான் தட்டுக்காரக வருவாக. அதுவரைக்கும் இது எங்களுக்கு ஸ்டாண்டு."

பெயர் மாரிச்சாமி. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பெயர் சொல்லி அழைப்பவர் குறைவு, கண்டக்டர் என்றால் அவர்தான். நடைக்காரர்களுக்கு அவர் தலைவரா என்று கேட்டேன்.

"எலெக்ஷன் எல்லாம் வைக்கலம்மா. மொதல்ல வந்து கேட்டைத் தெறக்குறவன் நானு. அதனால மத்தவுக சும்மா இருக்காக." பையைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "ரெண்டு நா இருப்பீகளா? ஞாயித்துக்கெழமை வரைக்கும் இருந்து பாருங்க. அன்னைக்கு இந்தக் கூடைக்கு ஒரு முடிவு தெரிஞ்சிரும்."

என்ன முடிவு என்று கேட்பதற்குள் சுற்றில் சேர்ந்துகொண்டார்.

ஆறரைக்கு ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஓட்டி வந்தவர் பிரிசில்லா, முப்பத்து நான்கு வயது. பின்னால் அவருடைய அப்பா சவரிமுத்து. காலடியில் நான்கு கால் ஊன்றுகோல் ஒன்று. பிரிசில்லா பின்லாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். அங்கே கோடையில் இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்குமாம். வேலை முடிந்து வந்து பூங்காவில் தட்டெறிவாராம். அப்பாவுக்குப் பக்கவாதம் என்று செய்தி வந்ததும் நீண்ட விடுப்பில் ஊருக்கு வந்தார். வந்த இடத்தில் பொழுது போகாமல் கம்பத்து வெல்டிங் பட்டறையில் ஒன்பது கூடைகள் செய்யச் சொன்னார்.

"பட்டறைக்காரர் படத்தைப் பாத்துட்டு, 'ஏம்மா, இது கோழிக்கூடா, குத்துவிளக்கா'ன்னு கேட்டாரு. ரெண்டும் இல்லைன்னு சொன்னதும் அட்வான்ஸ் குடுங்கன்னுட்டாரு."

சவரிமுத்து திராட்சை விவசாயி. அறுபத்தெட்டு வயது. வலது கையும் காலும் பலமிழந்திருந்தன, பேச்சு பலமிழக்கவில்லை. தினமும் நடக்கவேண்டும் என்று தேனி மருத்துவர் சொல்லியிருந்தார். இவர் மறுத்துவிட்டார். காரணத்தை என்னிடமும் சொன்னார், நடைக்காரர்கள் காதில் விழும்படி.

"காட்டுக்குப் போக நடப்பாக, பஸ்ஸப் பிடிக்க நடப்பாக. நடக்குறதுக்காக நடக்குறதா? சுத்திச் சுத்தி வந்து கெளம்புன எடத்துலயே நிக்க நான் என்ன செக்கு மாடா?"

சுற்றில் போய்க்கொண்டிருந்த கண்டக்டர் திரும்பிப் பார்க்காமல் சத்தமாகச் சொன்னார்: "மாடாவது சொன்ன பேச்சு கேக்கும்."

மூன்று வாரம் மகள் விளையாடுவதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாராம் சவரிமுத்து. ஒருநாள் யாரோ எறிந்த தட்டு உருண்டு வந்து அவர் காலில் முட்டி நின்றது. இடது கையால் எடுத்து எறிந்தார். அது பன்னிரண்டு அடி போய் விழுந்தது. அவர் எழுந்தார்.

"எறிஞ்சத எடுக்கணும்ல?" என்றார் என்னிடம், வேறு விளக்கம் தேவையில்லாதவர் போல.

எறியத் தொடங்கிய அந்த முதல் நாளில் அவர் மூன்று கூடைகளோடு நிறுத்திக்கொண்டார். முதல் முறை ஒன்பது கூடைகளையும் முடித்தபோது நூற்றுப் பன்னிரண்டு எறிகள். நான் அங்கே வந்த வாரத்தில் எழுபத்தைந்துக்குப் பக்கத்தில் இருந்தார். எல்லாவற்றையும் பிரிசில்லா அட்டையில் எழுதிவைக்கிறார்.

நானும் ஆடினேன். முதல் கூடை நான்கு எறி, இரண்டாவது ஐந்து. சுமாரான ஆட்டம். மூன்றாவதில் என் தட்டு வேப்பமரத்தில் மோதிக் கீழே விழுந்தது. சவரிமுத்து உடனே, "இன்னொண்ணு எறிங்க தாயி" என்றார்.

"எறிந்தால் அதுவும் கணக்கில் சேருமே, ஐயா."

"சேந்தாச் சேரட்டும். விருந்தாடி வந்த எடத்துல அரைகொறையா எறிஞ்சிட்டுப் போவீகளா?"

பந்தியில் இலைக்கு மேல் கையை நீட்டி மறைத்தாலும் விரலிடுக்கில் சோறு விழும் ஊர் இது. ஒவ்வொரு கூடைக்கும் எனக்கு இரண்டு எறி கூடுதலாகப் பரிமாறப்பட்டது. ஏழாவது கூடையில் அப்படிப் பரிமாறிய ஒன்று வேலியைத் தாண்டி வாய்க்காலில் விழுந்தது. கொஞ்ச தூரத்தில் துணி அலசிக்கொண்டிருந்த பெண் அதைத் தடுத்து எடுத்து, "இதோட மூணாச்சு! அடுத்தது வந்தா எங்க வீட்டுத் தண்ணிக்கொடத்துக்கு மூடி" என்று வேலிக்கு மேலாக வீசினார். எங்கள் எல்லோரையும்விட நேராக வீசினார்.

ஆறாவது கூடையில் நடந்ததை இதற்கு முன்பே சொல்லியிருக்கவேண்டும். சவரிமுத்து எறிந்த தட்டு கூடைக்கு நேராகத்தான் கிளம்பியது. வேகம் குறைந்ததும் வலப்பக்கமாகச் சாய்ந்து, நடைபாதையில் இறங்கி, கண்டக்டரின் இரண்டு கால்களுக்கும் நடுவே உருண்டது. கண்டக்டர் துள்ளி விலகினார். எறிந்தது யார் என்று பார்க்கவில்லை. குனிந்து எடுத்தார், வேலிக் கம்பியில் செருகினார், நடந்தார். சவரிமுத்துவும் அவரைப் பார்க்கவில்லை; ஊன்றுகோலின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதான் அக்கா பிரச்சினை" என்றார் பிரிசில்லா. காலையில் மேடமாக இருந்தவள் ஆறாவது கூடைக்குள் அக்கா ஆகியிருந்தேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு தட்டு கண்டக்டரின் முழங்காலுக்குக் கீழே பட்டிருக்கிறது. மறுநாள் அவர் பேரூராட்சியில் மனு கொடுத்தார். அதன் படம் பிரிசில்லாவின் தொலைபேசியில் இருந்தது. வாசித்தேன். நல்ல மனு. நடப்பவர்களுக்கு ஆபத்து, சங்கிலிச் சத்தம், புல் தேய்மானம் என்று மூன்றே விஷயங்கள். ஓர் அடைமொழிகூட இல்லை. காயத்தைப் பற்றிய வரியில் 'யாரோ எறிந்த தட்டு' என்று இருந்தது.

"யார் எறிந்தது என்று அவருக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும். அப்பாவுக்கும் தெரியும். பேர எழுதாம விட்டாரு பாருங்க, அதுக்கே நான் அவர் காலுல விழணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வார்டு உறுப்பினர் நேரில் பார்க்க வருகிறார். தட்டு நடைபாதைக்குப் போனால் கூடைகளைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். பழைய இரும்புக் கடைக்காரர் ஒருமுறை வந்து கண்ணால் எடை போட்டுவிட்டுப் போயிருந்தார். இன்னொரு வழியையும் சிலர் சொன்னார்களாம்: சவரிமுத்து மட்டும் எறியாமல் இருந்துவிட்டால் போதும். பிரிசில்லாவையும் அவரிடம் எறியப் பழகிய ஊர்க்காரர்களையும் சேர்த்து மற்ற எட்டுப் பேரின் தட்டு பாதைப் பக்கம் போவதே இல்லை.

"அப்பா எறியலைன்னா கூடை இருக்கலாமாம். அப்பா எறியலைன்னா எனக்கு எதுக்குக்கா கூடை?" என்றார் பிரிசில்லா. "புதன்கெழமை எனக்கு ஃப்ளைட்டு. அம்மா விடியுமுன்ன தோட்டத்துக்குப் போயிருவாக. இது இல்லைன்னா இவரு மறுபடியும் அந்த நாற்காலியிலதான்."

அன்று காலை உணவு கம்பத்தில். இட்லியும் குடல் குழம்பும். சென்னையில் இதைக் காலை எட்டரைக்குச் சாப்பிட்டால் மருத்துவ அறிவுரை கிடைக்கும். இங்கே இன்னொரு கரண்டி கிடைத்தது. எதிர் மேசையில் இரண்டு வியாபாரிகள் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொன்னார்: "ஒரு நர்ஸ் பூங்காவில் தட்டு வீசச் சொல்லிக்கொடுக்கிறாளாம்." மற்றவர் சொன்னார்: "ஆஸ்பத்திரிக்கு ஆள் சேர்க்கவாக இருக்கும்."

சனிக்கிழமை காலை, கம்பத்திலிருந்து வந்த டவுன் பஸ் என்னை ஊருக்கு ஒருமுறை அதிகமாகக் கூட்டிக்கொண்டு போனது. காமயகவுண்டன்பட்டி நிறுத்தத்தில் இளைஞரான கண்டக்டர் டீ குடிக்க இறங்கினார். ஓட்டுநர் தினத்தாள் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு விசில் கேட்டது. ஓட்டுநர் தாளை மடித்தார், கியர் போட்டார், பஸ் கிளம்பியது. அடுத்த நிறுத்தத்தில் டிக்கெட் கேட்டு யாரும் வராததை ஒரு பூக்காரப் பெண் கவனித்துச் சொன்ன பிறகுதான், பஸ்ஸில் கண்டக்டர் இல்லை என்பது தெரிந்தது. சந்து ஒன்றில் பின்னால் விட்டுத் திருப்பி, மறுபடி ஊருக்குள் போனோம்.

நிறுத்தத்தில் அந்த இளைஞர் கையில் டீ தம்ளரோடு மாரிச்சாமியிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, நீங்க ரிட்டயர்டு ஆகி எட்டு வருசம் ஆச்சு!"

"ரெண்டு நிமிசம் லேட்டா நின்னுச்சுப்பா வண்டி. கை தானா விசிலுக்குப் போயிருச்சு."

"நான் ஏறலையே!"

"நீ ஏறாதது ஒன் தப்பு. ரெண்டு விசில் கேட்டா வண்டி போகும். ஒரு விசில் கேட்டா நிக்கும். டிரைவர் மேல தப்பு சொல்லாத."

ஓட்டுநர் ஜன்னல் வழியாக, "அப்படிச் சொல்லுங்கண்ணே" என்றார்.

அன்று விளையாட்டில் குறிப்பிட எதுவும் இல்லை. சவரிமுத்துவின் தட்டு மூன்று முறை பாதையில் விழுந்தது. எட்டு மணிக்கு எதிரே இருக்கும் பாண்டியம்மாளின் டீக்கடையில் உட்கார்ந்தோம். பிரிசில்லா, சவரிமுத்து, நான். அடுத்த பெஞ்சில் கண்டக்டர். மழை, திராட்சைக் கவாத்து, யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் எல்லாம் பேசினார்கள். மனுவை மட்டும் பேசவில்லை. சவரிமுத்து வீட்டுக்கும் கண்டக்டர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பேச்சின் மூடியைப் பாண்டியம்மாள்தான் திறந்தார். வடையை எண்ணெயிலிருந்து எடுத்துக்கொண்டே கேட்டார்: "ஏன் கண்டக்டரே, பூங்காவுல எத்தனையோ பேரு பந்து அடிக்கிறாக. ஒமக்கு இந்தத் தட்டு மேல மட்டும் என்ன கோவம்?"

கண்டக்டர் தம்ளரைக் கீழே வைத்தார். "நாங்க பதினாலு பேரும் வலமாச் சுத்துறோம். கோயில்ல வலமாச் சுத்துறோம். ரோட்டுல தேர் வலமாப் போகுது. இந்தப் புள்ள மட்டும் எல்லாரையும் இடமாச் சுத்த விட்டுருக்கு. எழவு வீட்டுலதான்த்தா இடமாச் சுத்துவாக. நல்லது நடக்கட்டும்னு ஆரம்பிக்கிற ஒண்ண இப்பிடியா ஆரம்பிப்பாக?"

இது மனுவில் இல்லாத நான்காவது விஷயம். பிரிசில்லாவிடம் கேட்டேன்: "ஏன் இடமாக அமைத்தீர்கள்?"

"அதுக்குக் காரணம் இருக்குக்கா" என்று, விலை எழுதும் பலகைக்கு அருகிலிருந்த சுண்ணாம்புக் கட்டியை எடுத்து மேசையில் ஒரு கட்டம் வரைந்தார். கட்டத்தைச் சுற்றி நடைபாதை. "தட்டு வேகம் கொறையும்போது ஒரு பக்கமாச் சாயும். எறியுற கைக்கு எதிர்ப் பக்கம். வலது கையால எறிஞ்சா இடது பக்கம் போகும். இடமாச் சுத்தி வந்தா பூங்காவோட நடு எப்பவும் நம்ம இடது பக்கம். அதனால தட்டு உள்ளதான் விழும், பாதைக்குப் போகாது. அங்க பின்லாந்துலயும் இப்பிடித்தான்..."

வளைந்த கோடு ஒன்றைக் கட்டத்துக்கு உள்ளே இழுத்தார். பாதியில் கை நின்றது.

மேசையைப் பார்த்தார். பிறகு அப்பாவின் கையைப் பார்த்தார். சவரிமுத்து இடது கையில் வடை வைத்திருந்தார்.

"நான் கோடு போட்டப்ப அப்பா எறியவே இல்லக்கா" என்றார் மெதுவாக. "இவரு எறிய ஆரம்பிச்சதே பெருசா இருந்துச்சு. எந்தக் கைன்னு நான் யோசிக்கவே இல்ல."

அவர் வரைந்த கட்டத்தில் இடது கைத் தட்டுக்கு ஒரு வழிதான் இருந்தது. அது நடைபாதைக்குப் போனது.

முதலில் பேசியவர் கண்டக்டர். "அப்ப நீ என் காலப் பாத்து எறியலையா?"

"என்னது?"

"செக்கு மாடு செக்கு மாடுன்னு தெனம் சொன்ன. பெறகு தட்டு வந்து என் கால்ல அடிச்சா நான் என்னன்னு நெனைப்பேன்?"

சவரிமுத்து வடையைத் தட்டில் வைத்தார். "ஏலே மாரி, ஒன்னப் பாத்து எறிஞ்சா ஒம்மேல படுமா? நான் பாத்த எடத்துல என்னைக்குடா அது போச்சு? கூடையப் பாத்து எறிஞ்சாத்தான ஒங்கிட்ட வருது!"

பாண்டியம்மாள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தார். கண்டக்டர் சிரிக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"வலமா மாத்திப் போட முடியாதாத்தா?" என்று பிரிசில்லாவிடம் கேட்டார்.

முடியும். கூடைகளைப் பிடுங்கக்கூட வேண்டாம். ஒவ்வொரு கூடைக்குப் பக்கத்திலும் அடுத்த கோடு இருக்கிறது. திசையைத் திருப்பினால் கோடுகளும் எண்களும் மட்டும் மாறும். எட்டாவது கூடை முதலாவதாகும், ஏழாவது இரண்டாவதாகும். வாசலுக்கு அருகில் இருக்கும் ஒன்பதாவது ஒன்பதாகவே இருக்கும். ஒரு சிக்கல்தான்: வலமாகத் திருப்பினால் வலது கைக்காரர்கள் எட்டுப் பேரின் தட்டும் பாதைப் பக்கம் சாயும்.

"நாங்க உள்ள தள்ளி எறிஞ்சுக்கிறோம். எங்களால திருத்திக்க முடியும்" என்றார் பிரிசில்லா. "அப்பாவுக்கு ஒரு எறிதான் வரும்."

சவரிமுத்துவின் வீட்டில், திராட்சைக்கு மருந்து கலக்க வாங்கிய சுண்ணாம்பு அரை மூட்டை கிடந்தது. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அதைக் குழைத்து, வாசலருகே இருந்த முதல் கோட்டை மட்டும் விட்டுவிட்டு, எட்டுப் பழைய கோடுகளை மண் போட்டு மூடி, எட்டுப் புதிய கோடுகள் போட்டோம். மேற்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டே இருந்தது. என் புடவையின் ஓரம் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. கண்டக்டர் கோடு போடவில்லை. ஒவ்வொரு கோட்டிலும் நின்று, "கொஞ்சம் இங்கன தள்ளு, அங்கன நின்னா முள்ளு குத்தும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு ஆறு ஐம்பத்தெட்டு. வார்டு உறுப்பினர் ஸ்கூட்டியில் வந்தார். நாற்பது வயதிருக்கும். வண்டியின் முன்னால் ஒரு பால் தூக்கு இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க உத்தேசமில்லை என்பதற்கு அதுவே சாட்சி. பதினான்கு நடைக்காரர்களும் வழக்கம்போலச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். யாரையும் நிறுத்தவேண்டாம், தினமும் நடப்பதுபோல நடக்கட்டும் என்றார் உறுப்பினர்.

சவரிமுத்து முதல் கோட்டில் ஊன்றுகோலை ஊன்றினார். வலது கால் ஒரு கணம் தாமதித்துத்தான் வந்து சேர்ந்தது. எறிந்தார். தட்டு நேராகப் போய், வேகம் குறைந்து, வலப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கம் இப்போது புல் இருந்தது.

இரண்டாவது கூடை. மூன்றாவது. நான்காவதில் காற்று திடீரென்று திரும்பியது. அவர் எறியாமல் நின்றார். "மேலக்காத்து இப்ப ஒரு வீச்சு வீசிட்டு அடங்கும்" என்றார். அடங்கியது. பிறகு எறிந்தார். பந்தலுக்கு மருந்தடித்தே வயதானவருக்குக் காற்றின் கணக்கு தெரிந்திருந்தது. உறுப்பினரின் ஐந்து நிமிடம் போய் இருபது நிமிடமாகியிருந்தது. பால் தூக்கு வண்டியிலேயே இருந்தது.

ஒன்பதாவது கூடையில் சங்கிலி சலசலத்தபோது எழுபத்திரண்டு எறிகள். அது அவருடைய மிகக் குறைந்த எண். நடைபாதையில் ஒன்றும் விழவில்லை. பிரிசில்லா அட்டையில் எழுதினார். எண்ணை இரண்டு தடவை எழுதினார், முதல் தடவை பேனா எழுதவில்லை.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் சவரிமுத்து உறுப்பினரைப் பார்த்து, "வந்ததுக்கு நீங்களும் ஒண்ணு எறிஞ்சிட்டுப் போங்க தாயி" என்றார். விருந்தாடி வந்துவிட்டார், வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனமில்லை. உறுப்பினர் சேலை முந்தானையை இடுப்பில் செருகினார். வலது கையால், நல்ல வேகத்தோடு எறிந்தார்.

தட்டு உயரப் போய் இடப்பக்கம் சாய்ந்தது. அங்கே நடைபாதை. வளைவில் ஒன்பது பேர் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள், முன்னால் கண்டக்டர். பிரிசில்லா கத்தினார். சத்தம் காற்றோடு எதிர்ப்பக்கம் போயிற்று.

ஒரு விசில்.

ஒன்பது பேரும் நின்றார்கள். எதிர்ப்பக்கத்தில் நடந்த ஐந்து பேரும் நின்றார்கள். நான் நின்றேன். சாலையில் போன சைக்கிள்காரர் ஒருவர் காலை ஊன்றினார். தட்டு கண்டக்டருக்கு இரண்டு எட்டு முன்னால் விழுந்து, சுழன்று, அடங்கியது. அவர் அதைக் குனிந்து எடுத்தார், புல்பக்கம் வீசினார், இரண்டு விசில் ஊதினார். எல்லோரும் நடந்தார்கள்.

"என்னைய விடுங்க, நான் எறிஞ்சதக் கணக்குல சேக்காதீக" என்றார் உறுப்பினர். கண்டக்டர் அருகில் வந்ததும் கேட்டார்: "தெனமும் விசில் ஊதுவீகளா?"

"எழுதிக் குடுக்கணுமா?"

"வாயால சொன்னாப் போதும்."

"ஊதுறேன்."

"அப்ப கூடை இருக்கட்டும். மனுவ வாபஸ் வாங்கிருறீகளா?"

கண்டக்டர் யோசித்தார். "அது அங்கனயே இருக்கட்டும்மா. நான் இங்கன இருக்கேன்ல."

பால் தூக்கோடு உறுப்பினர் போன பிறகு, சவரிமுத்து ஒரு தட்டைக் கண்டக்டர் பக்கம் நீட்டினார். முதலில் கண்டக்டர் வாங்கவில்லை. ஷூவின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். பிறகு வாங்கி எறிந்தார். அது ஒரு புங்க மரத்தைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கமே திரும்பி வந்தது.

"இன்னொண்ணு எறி" என்றார் சவரிமுத்து.

"எறியுறேன். எனக்கென்ன."

ஒன்பது கூடைகளும் முடிய ஒரு மணி நேரமாயிற்று. நடுவில் கண்டக்டர் ஐந்து முறை தனக்குத்தானே விசில் ஊதிக்கொண்டார். பிரிசில்லா கூட்டிச் சொன்னார்: நூற்று நான்கு.

"நூத்தி நாலு!" என்றார் கண்டக்டர். "ஒனக்கு எம்புட்டு சவரி?"

"எழுபத்தி ரெண்டு."

"பாத்தியா. மொத நாள்லயே நான் ஜாஸ்தி."

"மாமா, கொறைச்சலா எறிஞ்சவுகதான் ஜெயிச்சவுக" என்றார் பிரிசில்லா.

"அது பின்லாந்துல."

திங்கட்கிழமை மாலை கிளம்பினேன். பாண்டியம்மாள் வடைப் பொட்டலம் கொடுத்தார். சவரிமுத்து ஒரு பெட்டி பன்னீர் திராட்சை கொடுத்தார். பாதி திண்டுக்கல் வருவதற்குள் தீர்ந்துவிட்டது. என் தட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பஸ் நிறுத்தம்வரை பிரிசில்லா கூட வந்தார். பூங்காவுக்கும் வீட்டுக்கும் நடுவே இரண்டு தெரு. புதன்கிழமைக்குப் பிறகு அப்பாவை யார் கூட்டிவருவார்கள் என்று தெரியவில்லை என்றார். ஆட்டோக்காரர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறாராம். அப்பா ஆட்டோவில் ஏறமாட்டாராம். அவர் பேசி முடிப்பதற்குள் இரண்டு விசில் கேட்டு பஸ் புறப்பட்டது.

வியாழக்கிழமை காலை சென்னையில் தினத்தாளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசியில் ஒரு படம் வந்தது. அறிமுகமில்லாத எண், வார்த்தை ஒன்றும் இல்லை. ஒன்பதாவது கூடையின் வளையத்தில் மஞ்சள் துணிப்பை மாட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் நான்கு கால் ஊன்றுகோல் சாய்த்து வைத்திருந்தது. முன்னால் யாரோ நீட்டிப் பிடித்திருந்த அட்டையில், டிக்கெட் கணக்கு எழுதிப் பழகிய சின்ன எழுத்தில் இரண்டு வரிகள்: சவரிமுத்து 74. மாரிச்சாமி 97.

அட்டையின் மேலே வியாழன் என்று எழுதியிருந்தது.